அணைத்தால் வேகம் வராது

வீட்டுக் கணினியைப் பற்றி ஓரளவு தெரிந்தவர்கள் மற்றவர்களுக்குச் சொல்லும் ஆலோசனைகளில் ஒன்று பல ஆண்டுகளாக மாறாமல் நிற்கிறது. “ரேம் தாராளமாக இருக்கிறதா? பேஜ்ஃபைலை அணைத்துவிடு. டிஸ்க்கை நினைவகமாகப் பயன்படுத்துவதால்தான் கணினி மந்தமாகிறது.” அணைக்கத் தயங்குபவர்களுக்கு இன்னொன்று வைத்திருக்கிறார்கள்: “விண்டோஸின் கையில் விடாதே. ரேமைப்போல ஒன்றரை மடங்கு என்று நீயே அளவு கொடுத்துவிடு.” எஸ்எஸ்டி வந்த பிறகு மூன்றாவதும் சேர்ந்துகொண்டது: “பேஜ்ஃபைல் எழுதி எழுதி எஸ்எஸ்டியைத் தேய்த்துவிடும். அதைப் பழைய ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றிவிடு.” கல்லூரி விடுதியிலும் அலுவலகத்திலும் கணினி பழுதுபார்க்கும் கடையிலும் இவை கைமாறிக்கொண்டே இருக்கின்றன. சொல்பவர்கள் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். கேட்பவர்களும் நம்பிச் செய்கிறார்கள்.

மூன்றுமே தவறு. ரேமில் அடங்காததை ஒதுக்கிவைக்க விண்டோஸ் டிஸ்க்கில் வைத்திருக்கும் கோப்புதான் பேஜ்ஃபைல். அதை ஒரு வேகத்தடையாக எண்ணுவதில்தான் கோளாறு தொடங்குகிறது. நினைவகம் கேட்டு வரும் நிரல்களுக்குக் கணினி எதுவரை ‘சரி’ சொல்லலாம் என்ற வரம்பை நிர்ணயிப்பதே அதன் முதல் வேலை. அதை அணைப்பவருக்கு வேகம் கிடைப்பதில்லை. நெருக்கடி வந்தால் சமாளிக்கக் கணினிக்கு இருந்த வழி அடைபடுகிறது. அதன் விலையைச் சேமிக்காத கோப்புகளாகக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பதை முதலில் நியாயமாகப் பார்ப்போம். 2001இல் விண்டோஸ் எக்ஸ்பி வந்தபோது குறைந்தபட்சம் 64 எம்பி ரேம் வேண்டும், 128 எம்பி இருந்தால் நல்லது என்றது மைக்ரோசாஃப்ட். அந்த அளவு ரேமில் ஒரு பிரவுசரையும் ஒரு வேர்ட் கோப்பையும் சேர்ந்தாற்போல் திறந்தாலே இடம் முட்டும். ரேமில் இல்லாத பக்கத்தை, அதாவது நினைவகத்தின் சிறு துண்டை, ஹார்ட் டிஸ்க்கிலிருந்து எடுக்க வேண்டும். நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் டிஸ்க்கில், வேண்டிய இடம் சுழன்று ஹெட்டின் அடியில் வருவதற்கே சராசரியாக 4 மில்லிவினாடிக்கு மேல் ஆகும். ஹெட் நகர்ந்து போகும் நேரத்தையும் சேர்த்தால் பத்து மில்லிவினாடியைத் தாண்டும். ரேமிலிருந்து எடுக்க ஆவதோ ஏறத்தாழ 100 நானோவினாடி. வித்தியாசம் லட்சம் மடங்கு. டிஸ்க் விளக்கு அணையாமல் மின்ன, உள்ளே கரகரவென்று சத்தம் கேட்க, திரை உறைந்து நிற்பதை அந்தத் தலைமுறை கண்ணால் பார்த்தது. அந்த அனுபவம் உண்மை. அதிலிருந்து எடுத்த முடிவுதான் பிழை.

அந்த நிலை ஏன் வருகிறது என்பதைப் பீட்டர் டென்னிங் 1968இலேயே விளக்கிவிட்டார். ஒரு நிரல் குறிப்பிட்ட பொழுதில் உண்மையாகவே தொட்டுக்கொண்டிருக்கும் பக்கங்களின் தொகுதிக்கு ‘வொர்க்கிங் செட்’ என்று அவர் பெயரிட்டார். ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களின் வொர்க்கிங் செட்டுகள் எல்லாம் சேர்ந்து ரேமுக்குள் அடங்காவிட்டால், கணினி தன் வேலையை விட்டுவிட்டுப் பக்கங்களை ஏற்றி இறக்குவதிலேயே நேரத்தைக் கழிக்கும். அதற்கு மருந்து இரண்டுதான். ரேமைக் கூட்ட வேண்டும், அல்லது ஒரே நேரத்தில் ஓடும் நிரல்களைக் குறைக்க வேண்டும். பேஜ்ஃபைலை அணைப்பது இந்த இரண்டில் எதையும் செய்வதில்லை. 4 ஜிபி ரேம் உள்ள கணினியில் பேஜ்ஃபைலை அணைத்தால் 4 ஜிபி 5 ஜிபி ஆகிவிடாது.

ரேமையும் டிஸ்க்கையும் சேர்த்து ஒரே நினைவகமாகக் காட்டும் மெய்நிகர் நினைவகம் என்பதே ரேம் விலை உயர்ந்திருந்த காலத்துச் சமாளிப்பு, இனி தேவையில்லை என்ற எண்ணமும் இதோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. வரலாறு வேறு மாதிரி இருக்கிறது. 1962இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் டாம் கில்பர்னும் அவருடைய குழுவினரும் இயக்கிவைத்த அட்லஸ் கணினியில் 16,384 சொற்கள் கொண்ட கோர் நினைவகமும் 98,304 சொற்கள் கொண்ட டிரம்மும் இருந்தன. அதுவரை எந்தப் பகுதி கோரில் இருக்க வேண்டும், எது டிரம்மில் கிடக்கலாம் என்பதை நிரல் எழுதுபவரே ஒவ்வொரு முறையும் பிரித்துவைக்க வேண்டியிருந்தது. அட்லஸ் இரண்டையும் ஒரே நினைவகமாகக் காட்டியது. 512 சொற்கள் கொண்ட பக்கங்களாக நினைவகத்தைப் பகுத்து, எந்தப் பக்கம் அண்மையில் பயன்பட்டது என்பதைக் கவனித்து, எதை வெளியே அனுப்புவது என்று தானே முடிவெடுத்தது. தேர்ந்த நிரலாளர் கையால் செய்வதற்கு இயந்திரத்தின் முடிவு ஈடாகுமா என்ற சந்தேகம் அப்போதும் எழுந்தது. ஐபிஎம்மில் இருந்த டேவிட் சேயர் அதை அளந்து பார்த்து 1969இல் கட்டுரையாக வெளியிட்டார். தானியங்கி முறை கைவேலைக்கு ஈடுகொடுத்தது. இன்று வீட்டுக் கணினியின் அமைப்புத் திரையில் உட்கார்ந்து “இயந்திரத்தைவிட எனக்குத் தெரியும்” என்பவர்கள், அரை நூற்றாண்டுக்கு முன்பே தீர்ந்த வழக்கை மறுபடி நடத்துகிறார்கள்.

இருக்கட்டும், 16 ஜிபியும் 32 ஜிபியும் சாதாரணமாகிவிட்ட வீட்டில் பேஜ்ஃபைலுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். எதிர்த்தரப்பின் வலுவான கேள்வி இதுதான். இதற்கான பதில் டாஸ்க் மேனேஜரிலேயே இருக்கிறது. அதில் பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் மெமரியைச் சொடுக்கினால் இரண்டு வெவ்வேறு கணக்குகள் தெரியும். ‘இன் யூஸ்’ என்பது ரேமில் இப்போது எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்ற கணக்கு. ‘கமிட்டட்’ என்பது நிரல்களுக்கு விண்டோஸ் எவ்வளவு வாக்குக் கொடுத்திருக்கிறது என்ற கணக்கு. அதில் நடுவே ஒரு கோடு போட்டு இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது கொடுத்த வாக்கு. இரண்டாவது கொடுக்கக்கூடிய உச்சவரம்பு. அந்த வரம்பு என்பது ரேமும் பேஜ்ஃபைலும் சேர்ந்த கூட்டுத்தொகை. பேஜ்ஃபைலை அணைக்கச் சொல்பவர்கள் முதல் கணக்கை மட்டும் பார்த்துச் சொல்கிறார்கள். நிரல்களைச் சாய்ப்பதோ இரண்டாவது கணக்கு.

நிரல்கள் தமக்கு உண்மையில் வேண்டியதைவிடக் கூடுதலாகவே நினைவகம் கேட்டு வாங்கிவைக்கின்றன. பிரவுசர், விளையாட்டு, படத்தொகுப்பு மென்பொருள் எல்லாமே அப்படித்தான். வாங்கியதில் பெரும்பங்கை அவை தொடாமலேயே இருக்கலாம். ஆனால் கொடுத்த கணத்திலேயே விண்டோஸ் அதைக் கணக்கில் எழுதிவிடுகிறது. விண்டோஸ் கண்டிப்பான கல்யாண வீட்டுக்காரர் மாதிரி. 500 பேருக்கு அழைப்பு வைத்தால், 300 பேர்தான் வருவார்கள் என்று அனுபவத்தில் தெரிந்தாலும், 500 பேருக்கும் அரிசி வீட்டில் இருந்தாக வேண்டும் என்பார். பேஜ்ஃபைல் என்பது பின்கட்டில் பிரிக்காமல் கிடக்கும் அரிசி மூட்டை. பல கல்யாணங்களில் அதைப் பிரிக்கவே வேண்டியிருக்காது. ஆனால் அந்த மூட்டை இல்லையென்றால் 300க்கு மேல் அழைப்பே வைக்க முடியாது.

பேஜ்ஃபைல் அணைக்கப்பட்ட 16 ஜிபி கணினியின் வரம்பு 16 ஜிபிக்குச் சற்றுக் கீழேயே நின்றுவிடுகிறது. ரேமில் 4 அல்லது 5 ஜிபி இன்னும் காலியாக இருக்கும்போதே வாக்குக் கணக்கு அந்த வரம்பைத் தொட்டுவிட முடியும். அதற்குப் பிறகு நினைவகம் கேட்கும் நிரலுக்கு விண்டோஸ் கைவிரிக்கிறது. அந்த மறுப்பைத் தாங்கிக்கொண்டு தொடரும்படி எழுதப்பட்ட நிரல்கள் குறைவு. பெரும்பாலானவை அந்த இடத்திலேயே விழுகின்றன. அதிலும், நினைவகத்தை அள்ளி வைத்திருக்கும் நிரல்தான் விழும் என்று நியதி இல்லை. அந்த நொடியில் கேட்டது எதுவோ அது விழும். எண்பது டேப் திறந்துவைத்த பிரவுசர் பிழைத்துக்கொள்ள, பக்கத்தில் மூன்று மணி நேரமாகத் தட்டச்சு செய்துகொண்டிருந்த ஆவணம் போய்விடலாம். நிரல் ஏன் மூடியது என்று டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்ப்பவருக்கு ரேமில் இடம் இருப்பதுதான் தெரியும். ஆகவே அவர் பேஜ்ஃபைலைச் சந்தேகிக்கவே மாட்டார். மென்பொருளைத் திட்டுவார், அல்லது ரேம் பழுதென்று நினைப்பார்.

இது காகிதத்தில் மட்டும் நடப்பதல்ல. வீட்டில் விண்டோஸ் கணினியில் இயந்திரக் கற்றல் பழகும் மாணவர்கள் பைடார்ச் என்ற மென்பொருள் நூலகத்தில் சந்திக்கும் பிழை எண் 1455ஐக் கேட்டுப் பாருங்கள். ‘இந்தச் செயலை முடிக்க பேஜிங் ஃபைல் போதுமான அளவில் இல்லை’ என்பது அந்தப் பிழையின் பொருள். தரவை ஏற்றப் பல வேலையாள் செயல்முறைகளைத் தொடங்கும்போது, ஒவ்வொன்றும் என்விடியாவின் குடா நூலகக் கோப்புகளைத் தனித்தனியாக ஏற்றுகிறது. அந்தக் கோப்புகளுக்குள் ‘எழுதத்தக்கது’ என்று குறிக்கப்பட்ட பெரிய பகுதிகள் இருந்தன. எழுதப்படலாம் என்பதால் ஒவ்வொரு செயல்முறைக்கும் அவ்வளவையும் விண்டோஸ் தனித்தனியாக வாக்குக் கணக்கில் சேர்க்கிறது. உண்மையில் அங்கே யாரும் எதுவும் எழுதுவதில்லை. ரேம் காலியாக இருக்கும்போதே நிரல் நின்றுவிடுகிறது. பேஜ்ஃபைலைப் பெரிதாக்கினால் ஓடுகிறது, அப்படிப் பெரிதாக்கிய இடத்திலும் எதுவும் எழுதப்படாமலேயே ஓடுகிறது. ரேம் இருந்தால் பேஜ்ஃபைல் வேண்டாம் என்ற வாதத்துக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு வேறு தேவையில்லை.

“அணைத்தால் டிஸ்க் பக்கமே போகாது, அதனால் வேகம்” என்பதையும் பார்ப்போம். ரேமில் உள்ள பக்கங்கள் இரண்டு வகை. நிரலின் கட்டளைகளும் நூலகக் கோப்புகளும் ஒரு வகை. இவற்றின் மூலம் டிஸ்க்கில் ஏற்கெனவே இருப்பதால், இடம் தேவைப்பட்டால் விண்டோஸ் இவற்றை ரேமிலிருந்து அப்படியே விட்டுவிட்டு, பிறகு வேண்டும்போது மறுபடி படித்துக்கொள்ளும். நிரல் ஓடும்போது உருவாக்கிக்கொண்ட தரவு இன்னொரு வகை. இதற்கு டிஸ்க்கில் மூலம் கிடையாது. ரேமை விட்டு வெளியேற வேண்டுமானால் இதற்கு இருக்கும் இடம் பேஜ்ஃபைல்தான். அதை அணைத்துவிட்டால் காலையில் திறந்து ஒதுக்கிவிட்ட நிரலின் தரவு, மாலை வரை யாரும் தொடாவிட்டாலும், ரேமிலேயே அடைந்து கிடக்கும். இடம் போதாதபோது விண்டோஸ் முதல் வகையில்தான் கைவைக்க முடியும். அதாவது இப்போது ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் கட்டளைகளையே வெளியே தள்ளி, அடுத்த நொடியே டிஸ்க்கிலிருந்து மறுபடி படிக்க வேண்டிவரும். டிஸ்க்குக்குப் போவது நிற்பதில்லை. போகக் கூடாத பக்கங்களுக்காகப் போகிறது.

ஆக, இரண்டே நிலைமைகள் உண்டு. ரேம் தாராளமாக இருந்தால் பேஜ்ஃபைல் ஏறக்குறைய சும்மா கிடக்கும். அணைப்பதால் மிச்சமாகும் நேரம் எதுவும் இல்லை. ரேம் நெருக்கடியில் இருந்தால், அணைத்தது நெருக்கடியை மோசமாக்கும். அணைத்ததால் கணினி வேகமாகும் மூன்றாவது நிலைமையை அணைக்கச் சொல்பவர்கள் இதுவரை காட்டவில்லை. அதோடு 2015இல் வந்த விண்டோஸ் 10 முதல், தொடப்படாத பக்கங்களை உடனே டிஸ்க்குக்கு அனுப்பாமல், முதலில் ரேமுக்குள்ளேயே சுருக்கிவைக்கிறது விண்டோஸ். ஆப்பிள் 2013இல் மேவரிக்ஸ் பதிப்பிலேயே இதைச் செய்துவிட்டது. எக்ஸ்பி காலத்து டிஸ்க் கரகரப்பை மனத்தில் வைத்துக்கொண்டு இன்றைய கணினிக்குச் சொல்லப்படும் ஆலோசனை, இல்லாத நோய்க்கு எழுதப்பட்ட மருந்து.

எஸ்எஸ்டி தேய்மானம் பற்றிய பயத்துக்கு வருவோம். 2009இல் விண்டோஸ் 7ஐ உருவாக்கியபோது மைக்ரோசாஃப்ட் பொறியாளர்கள் பல கணினிகளிலிருந்து திரட்டிய பதிவுகளை ஆராய்ந்து ஒரு விவரத்தை வெளியிட்டார்கள். பேஜ்ஃபைலில் ஒரு முறை எழுதப்பட்டால் ஏறத்தாழ நாற்பது முறை படிக்கப்படுகிறது. படிப்பது பெரும்பாலும் 4 கேபி போன்ற சிறு துண்டுகளாக நடக்கிறது, எழுதுவது பெரிய துண்டுகளாக நடக்கிறது. சிதறிய சிறு துண்டுகளைச் சட்டென்று படிப்பதும் பெரிய துண்டுகளைத் தொடர்ச்சியாக எழுதுவதும் எஸ்எஸ்டிக்குக் கைவந்த கலை. எஸ்எஸ்டியில் வைப்பதற்கு பேஜ்ஃபைலைவிடப் பொருத்தமான கோப்புகள் அதிகம் இல்லை என்பதே அவர்கள் முடிவு. தேய்மானத்தையும் கணக்கிட்டே பார்க்கலாம். 2018இல் வந்த சாம்சங் 860 எவோ, 250 ஜிபி எஸ்எஸ்டிக்கு நிறுவனம் கொடுத்த உத்தரவாதம் 5 ஆண்டு அல்லது 150 டெராபைட் எழுத்து. நாளொன்றுக்கு 82 ஜிபி வீதம் ஐந்து ஆண்டுகள் விடாமல் எழுதினால்தான் அந்த எல்லையைத் தொட முடியும். எந்த வீட்டுக் கணினியின் பேஜ்ஃபைலாவது நாள்தோறும் 82 ஜிபி எழுதுகிறது என்றால், அந்த வீட்டுக்கு வேண்டியது இன்னொரு ரேம் துண்டு. பேஜ்ஃபைலை இடம் மாற்றுவதால் அங்கே ஒன்றும் தீராது.

இதில் மிக அதிகமாகக் கெடுதல் செய்வது, எஸ்எஸ்டியைக் காப்பாற்றுவதாக எண்ணி பேஜ்ஃபைலை அதே கணினியில் உள்ள ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றுவதுதான். எஸ்எஸ்டி நூறு மைக்ரோவினாடி அளவில் கொடுக்கும் பக்கத்துக்காகப் பத்து மில்லிவினாடி காத்திருக்கும்படி கணினியைக் கட்டாயப்படுத்துகிறோம். நூறு மடங்கு தாமதத்தைக் காசு கொடுத்து வாங்கிய எஸ்எஸ்டியின் பெயராலேயே வரவழைத்துக்கொள்கிறோம். சென்னை ரிச்சி தெருவில் பழைய லேப்டாப் ஒன்றை வாங்கி, கையில் இருந்த பணத்துக்கு ஒரு சிறிய எஸ்எஸ்டியும் போட்டுக்கொண்ட மாணவர், யாரோ சொன்னார்கள் என்று இதைச் செய்துவிட்டு “எஸ்எஸ்டி போட்டும் வேகம் வரவில்லையே” என்று வருந்துவதற்கு அந்த ஆலோசனையைத் தவிர வேறு காரணம் வேண்டியதில்லை.

அடுத்தது ஒன்றரை மடங்கு. இது வானத்திலிருந்து விழுந்த எண் அல்ல. எக்ஸ்பி காலத்தில் விண்டோஸ் தானே வைத்துக்கொண்ட தொடக்க அளவு ரேமின் ஒன்றரை மடங்கு, உச்ச அளவு மூன்று மடங்கு. 128 எம்பி ரேமுக்கு 192 எம்பி என்பது தாங்கக்கூடிய கணக்குதான். அதே வாய்பாட்டை 32 ஜிபி ரேமுக்குப் போட்டால் 48 ஜிபி ஆகிறது. அவ்வளவு இடத்தை ஒதுக்கி எதற்குக் காத்திருக்கிறோம்? இந்த வாய்பாட்டின் அடிப்படையே தலைகீழ். ஒரே வேலையைச் செய்யும் இரண்டு கணினிகளில் ரேம் குறைவாக உள்ளதற்குத்தான் பெரிய பேஜ்ஃபைல் வேண்டும். வாய்பாடோ ரேம் அதிகமாக உள்ளதற்குப் பெரியதைக் கொடுக்கிறது, 4 ஜிபியோடு திண்டாடும் கணினிக்கு 6 ஜிபியை அளந்து போட்டுவிட்டு நிறுத்திக்கொள்கிறது. விண்டோஸின் உள்ளமைப்பை விளக்கி நூல்கள் எழுதிய மார்க் ருசினோவிச் 2008இலேயே இந்த மடங்குக் கணக்கை மறுத்தார். நீங்கள் ஓட்டும் நிரல்களையெல்லாம் ஒன்றாக ஓட்டி, கமிட் கணக்கின் உச்சத்தை அளந்து, அதிலிருந்து ரேமைக் கழித்தால் வருவதே குறைந்தபட்ச பேஜ்ஃபைல், உச்ச அளவை அதைப்போல இரண்டு மடங்கு வைத்துக்கொள்ளலாம் என்றார். அளவை நிர்ணயிக்க வேண்டியது நாம் செய்யும் வேலை. ரேமின் அளவு அதில் கழிக்கப்பட வேண்டிய எண், பெருக்கப்பட வேண்டிய எண் அல்ல.

விண்டோஸின் தானியங்கி நிர்வாகம் இந்தப் பக்கமாகத்தான் நகர்ந்து வந்திருக்கிறது. இன்றைய விண்டோஸ், வாக்குக் கணக்கு வரம்பில் 90 சதவீதத்தை நெருங்கும்போது பேஜ்ஃபைலைப் பெரிதாக்கிக்கொள்கிறது. ரேமின் மூன்று மடங்கு அல்லது 4 ஜிபி, இவற்றில் எது பெரியதோ அதுவரை வளரலாம். ஆனால் டிஸ்க் பகுதியின் எட்டில் ஒரு பங்கைத் தாண்டாது. நீங்கள் கையால் கொடுத்த நிலையான எண்ணுக்கு இந்த அறிவு கிடையாது. “நிலையாக வைத்தால் கோப்பு துண்டுதுண்டாகாது” என்று ஒரு பழைய சமாதானம் உண்டு. சுழலும் டிஸ்க்கில் அதற்கு ஓரளவு பொருள் இருந்தது. எஸ்எஸ்டியில் நகர ஹெட்டே இல்லை. அதற்காக வளரும் வழியை அடைப்பது பொருந்தாத பேரம்.

இதே அறியாமையை முதலாக்கி ஒரு வியாபாரமும் நெடுங்காலமாக நடக்கிறது. 1995இல் சிங்க்ரோனிஸ் என்ற நிறுவனம் சாஃப்ட்ரேம்95 என்ற மென்பொருளை விற்றது. ரேமை இரட்டிப்பாக்கும் என்று பெட்டியில் போட்டிருந்தார்கள். அது அப்படி எதையும் செய்யவில்லை என்று தெரிந்து, 1996இல் அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் நடவடிக்கை எடுத்தது. அதன் வாரிசுகள் இன்று ‘ரேம் கிளீனர்’ என்ற பெயரில் உலவுகின்றன. பொத்தானை அழுத்தியதும் ‘இன் யூஸ்’ எண் சரசரவென்று இறங்கும். நடப்பது என்னவென்றால், ஓடும் நிரல்களின் பக்கங்களை அவற்றின் வொர்க்கிங் செட்டிலிருந்து வலுக்கட்டாயமாகப் பிடுங்குகிறார்கள். அடுத்த நிமிடமே நிரல்கள் அவற்றைத் திரும்பக் கேட்க, எண் மறுபடி ஏறுகிறது. இடையில் நடந்ததெல்லாம் வீண் வேலை. காலியாகக் கிடக்கும் ரேமால் யாருக்கும் பயனில்லை. விண்டோஸ் அதில் அடுத்து தேவைப்படக்கூடிய கோப்புகளைச் சேர்த்துவைத்திருந்தால் அதுதான் ரேமுக்கான நல்ல வேலை.

லினக்ஸ் வைத்திருப்பவர்களும் இதிலிருந்து தப்பவில்லை. அங்கே அணைக்கச் சொல்வது பேஜ்ஃபைலின் வேலையைச் செய்யும் ஸ்வாப்பை, குறைக்கச் சொல்வது ஸ்வாப்பினஸ் என்ற எண்ணை. அதன் இயல்பான மதிப்பு 60. ரேம் இத்தனை சதவீதம் நிரம்பினால் ஸ்வாப் தொடங்கும் என்று அதற்குப் பொருள் சொல்லிப் பயமுறுத்துகிறார்கள். அது சதவீதமே அல்ல. இடம் வேண்டும்போது நிரல்களின் தரவுப் பக்கங்களை வெளியேற்றுவதா, கோப்புப் பக்கங்களை வெளியேற்றுவதா என்று தீர்மானிக்கும்போது இரண்டின் செலவையும் ஒப்பிடப் பயன்படும் எடை. 100 வரை இருந்த அந்த எண்ணின் எல்லையை 2020இல் வந்த 5.8 கெர்னல் 200 வரை நீட்டியது. சதவீதமாக இருந்தால் 200க்கு ஏது பொருள்? அதே ஆண்டு வந்த ஃபெடோரா 33, ரேமுக்குள்ளேயே சுருக்கிவைக்கும் ஸிரேம் ஸ்வாப்பை இயல்பான அமைப்பாகவே சேர்த்துக்கொண்டது. லினக்ஸ் பொதுவாக விண்டோஸைப்போலக் கணக்கு பார்த்து மறுப்பதில்லை. கேட்டவர்க்கெல்லாம் வாக்குக் கொடுத்துவிட்டு, முடியாதபோது ஏதாவது ஒரு நிரலைக் கொன்று இடம் பிடிக்கும். ஸ்வாப் இல்லாத கணினியில் அந்தக் கொலைக்கு முன்பு மவுஸ்கூட நகராமல் உறைந்து நிற்கும் நிமிடங்கள் வரும். ஓடும் கட்டளைகளையே திரும்பத் திரும்ப டிஸ்க்கிலிருந்து படிப்பதால் வருவது அது.

“நான் பல வருடமாக அணைத்தே வைத்திருக்கிறேன், ஒன்றும் ஆகவில்லையே” என்பவர்கள் உண்டு. அவர்கள் பொய் சொல்லவில்லை. 32 ஜிபி வைத்துக்கொண்டு நான்கு டேப் மட்டும் திறப்பவரின் வாக்குக் கணக்கு வரம்பை ஒருபோதும் நெருங்காது. ஆனால் அவருக்கு அணைத்ததால் கிடைத்தது என்ன என்று கேளுங்கள். டிஸ்க்கில் சில ஜிபி இடம், அவ்வளவுதான். வேகம் கூடியதை அவர் அளந்து காட்ட முடியாது. அவருக்கு நட்டமில்லாத ஒன்று 8 ஜிபி வைத்திருப்பவருக்கும் நட்டமில்லை என்று ஆகிவிடாது. அதோடு, நீலத்திரை விழுந்து கணினி நிற்கும்போது என்ன நடந்தது என்ற பதிவை விண்டோஸ் வழக்கமாக சிஸ்டம் டிரைவில் உள்ள பேஜ்ஃபைல் வழியாகத்தான் எழுதுகிறது. அணைத்தவரின் கணினி நின்றால், எந்த டிரைவர் காரணம் என்று கண்டுபிடிக்க வேண்டிய தடயமும் அதோடு போய்விடும்.

உண்மையான விதிவிலக்குகளை மறுக்கவில்லை. 32 ஜிபி சேமிப்பகம் மட்டுமே உள்ள மலிவு லேப்டாப்பில் பேஜ்ஃபைலின் உச்சத்துக்கு ஓர் எல்லை வைப்பது நியாயம். கணினியில் உள்ள எஸ்எஸ்டிகளில் எது வேகமானதோ அதில் பேஜ்ஃபைலை வைப்பதும் நியாயம். பெரிய வீடியோக்களைத் தொகுப்பவரும் இயந்திரக் கற்றல் பழகுபவரும் தொடக்க அளவை உயர்த்திவைத்துக்கொள்ளலாம். இவை எல்லாமே தேவையை அளந்து செய்யும் மாற்றங்கள். அளக்காமல் அணைப்பது இவற்றோடு சேராது.

செய்ய வேண்டியது சிக்கலானதல்ல. விர்ச்சுவல் மெமரி அமைப்பில் ‘எல்லா டிரைவுகளுக்கும் தானாக நிர்வகி’ என்ற பெட்டியில் டிக் இருக்கட்டும். சி டிரைவில் பதினைந்து இருபது ஜிபியாவது காலியாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். இடம் இல்லாத டிஸ்க்கில் பேஜ்ஃபைல் வளர முடியாது. மந்தம் தெரிந்தால், வழக்கமாகத் திறக்கும் எல்லாவற்றையும் திறந்துவைத்துக்கொண்டு டாஸ்க் மேனேஜரில் கமிட்டட் எண்ணைப் பாருங்கள். அது ரேமின் அளவை வெகுவாகத் தாண்டி, டிஸ்க்கும் இடைவிடாமல் உழைத்துக்கொண்டிருந்தால் உங்களுக்கு ரேம் போதவில்லை. இன்னொரு ரேம் துண்டுக்குச் செலவழியுங்கள், அல்லது திறப்பதைக் குறையுங்கள். அந்தக் குறையை அமைப்புத் திரையில் ஓர் எண்ணை மாற்றித் தீர்க்க முடியாது.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ரேம் மிகுதியாக உள்ளவருக்கு இந்த ஆலோசனை தவறானாலும் வலிக்காது. அதனால்தான் அது சாகாமல் வாழ்கிறது. அதன் அடி விழுவது குறைந்த ரேமோடு, இரண்டாம் கையாக வாங்கிய கணினியில், கல்லூரிப் புராஜெக்டையும் வேலை விண்ணப்பத்தையும் தட்டச்சு செய்பவர்கள்மீது. தங்களுக்கு நடந்தது என்னவென்று அவர்களுக்குத் தெரியவும் தெரியாது. இன்னொருவரின் கணினியில் கைவைத்து ஓர் அமைப்பை மாற்றச் சொல்பவருக்கு, அந்த மாற்றம் என்ன செய்கிறது என்று அறிந்திருக்கும் கடமை உண்டு. அது தெரியாதவர் பேஜ்ஃபைலை அப்படியே விட்டுவிடச் சொல்ல வேண்டும். தெரிந்தவரும் அதைத்தான் சொல்வார்.